இருபத்தாறாவது தாள்

1. சில வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, இடைநிலை ஆங்கில வகுப்பில் இருபத்தாறு பேருக்கு இருபத்தாறு பயிற்சித்தாள்கள் கொடுத்தேன்.
2. வெள்ளிக்கிழமை மாலை, அந்தத் தாள்கள் வெளியே போயிருக்கவே கூடாதவை என்று தெரிந்தது.
3. அன்று வகுப்பில் ஒரு பொய் சொன்னேன். அது கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.
4. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் இருபத்தைந்து தாள்கள் திரும்பி வந்துவிட்டன.
5. வராத அந்த ஒன்று, அதை வைத்து அதிகம் ஆதாயம் அடையக்கூடியவரிடம் இருந்தது.
6. மதியம் ஒரு மணிக்குள் அது வராவிட்டால் ஜெயராணி அக்காவுக்கு வேலை போய்விடும்.

அடுத்த வாரம் முதல் இந்த வகுப்பை எடுக்கப்போகும் உங்கள் மூவருக்காக இதை எழுதுகிறேன். முப்பத்துமூன்று வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். வகுப்பிலிருந்து மட்டும்தான் ஓய்வு. படித்த படிப்புக்கே திரும்பி, ஓர் அட்டைப்பெட்டி ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகிறேன். பாடத்திட்டம், சொல் பட்டியல்கள், தேர்வுத்தாள்கள் எல்லாம் பச்சைக் கோப்புகளில் வரிசை எண் போட்டு அலமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலே புரியும். கோப்பில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், இடைநிலை வகுப்புக்கு வருகிறவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை. விதி கேட்டால் சொல்வார்கள். கோடிட்ட இடத்தைக் கொடுத்தால் சரியாக நிரப்புவார்கள். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் போனில் வந்தால், கையிலிருக்கும் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவார்கள். பிரஸ்ஸிலும் பட்டாசுக் கம்பெனி ஆபீஸிலும் பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு நாம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது குறைவு. தெரிந்ததை வாயால் பலமுறை சொல்ல வைக்க வேண்டும். அதனால்தான் இருவர் இருவராக உட்கார வைத்துப் பேசச் சொல்கிறோம். அந்த ஜோடிகளை எளிதில் மாற்றாதீர்கள். காரணம் பிறகு தெரியும்.

ஜெயராணி அக்கா ஓர் அச்சகத்தில் பினிஷிங் பிரிவில் இருந்தார். அச்சான தாள்களைச் சரிபார்த்து, பழுதானவற்றைப் பிரித்து எடுக்கும் வேலை. பதினோரு வருட அனுபவம். அவருடைய பிரஸ்ஸில் ஏற்றுமதி வாடிக்கையாளர்களோடு பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. வெளியிலிருந்து எடுப்பதற்கு முன் உள்ளே இருப்பவர்கள் யாராவது நேர்முகத் தேர்வுக்கு வரலாம் என்றார்கள். அக்கா பெயர் கொடுத்தார். மறுநாளே நம் வகுப்பில் சேர்ந்தார்.

நம் வகுப்புக்குத் தாள் கொண்டுவருவதும் அவர்தான். மிஷினில் மை சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் ஓட்டும் தாள்கள் வேஸ்ட். ஒரு பக்கம் லேபிள் படம், மறுபக்கம் வெள்ளை. இந்த ஊரில் அதில் கடலை மடிப்பார்கள், அலமாரித் தட்டில் விரிப்பார்கள், பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். நாம் அதை ஏ-ஃபோர் அளவுக்கு வெட்டிப் பயிற்சித்தாள் அச்சடித்தோம். பிரஸ்ஸில் கேட்டு, அனுமதியோடுதான் அக்கா கொண்டுவந்தார்.

ஒரு வகைத் தாளுக்கு மட்டும் அந்த அனுமதி கிடையாது. பட்டாசுக் கம்பெனிகள் அந்தந்த வருடத்துப் புது அயிட்டங்களை ஆடிப் பெருக்கு பூஜை அன்றுதான் ஏஜென்டுகளுக்குக் காட்டும். அதுவரை பெயரும் படமும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் போட்டிக் கம்பெனி அதே மாதிரி ஒன்றை முந்திக்கொண்டு இறக்கிவிடும். ஆகவே புது அயிட்ட லேபிளின் வேஸ்ட் தாள்களை எண்ணி வைத்து, கம்பெனி ஆள் வந்து நேரில் பார்க்க, மிஷினில் போட்டுத் துண்டுதுண்டாக்குவார்கள்.

வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கு அக்கா தனியாக வந்தார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், புதன்கிழம குடுத்த தாள்ல மிச்சம் இருக்கா?"

பதினான்கு இருக்கிறது என்றேன்.

"திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். ஒரு படகில் கிளி உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு பெயர். அந்தப் பெயரை இப்போதும் எழுதப்போவதில்லை. அந்த அயிட்டம் அந்தத் தீபாவளிக்கு வந்து அந்தத் தீபாவளியோடு போய்விட்டது. இருந்தாலும் எழுத மாட்டேன்.

நடந்தது இதுதான். வெளியே கொடுக்கலாம் என்று ஒதுக்கிய தாள்கட்டுக்குள் போன வருடத் தாள்களுக்கு நடுவே புதுத் தாள்கள் பத்து கலந்துவிட்டன. இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பின்னணி. அக்கா அவசரத்தில் மேல் தாளை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிங் மிஷினில் கொடுத்திருக்கிறார். புதனன்று தாள்களைத் தந்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டதால் வகுப்பிலும் அவர் அவற்றைப் பார்க்கவில்லை. பத்து முழுத்தாள் நாற்பது பயிற்சித்தாள் ஆகியிருந்தது. அதில் பதினான்கு என் கையில், இருபத்தாறு ஊருக்குள். வெள்ளி மதியம் பிரஸ் மேனேஜர் எண்ணிப் பார்த்து, பத்துத் தாள் குறைகிறது, யார் எடுத்தது என்று பினிஷிங் பிரிவில் எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். அக்கா வாய் திறக்கவில்லை. முந்தின வருடம் இதே மாதிரி ஒரே ஒரு தாளை வீட்டுக்கு எடுத்துப்போன மிஷின்காரரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கம்பெனி ஆள் வருகிறார். நேர்முகத் தேர்வு அடுத்த வாரம்.

என் பங்கையும் சொல்ல வேண்டும். நான் அச்சுத் தொழில்நுட்பம் படித்தவள். இரண்டு வருடம் பிரஸ்ஸிலேயே தரக்கட்டுப்பாடு பார்த்தவள். புதனன்று தாளின் கனம் பிரின்டருக்கு ஒத்துவருமா என்று பார்த்தேன். தாளுக்குள் நார் ஓடும் திசை பார்த்தேன். வெட்டு விளிம்பில் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். படத்தை மட்டும் பார்க்கவில்லை. வேஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிற பழக்கம் அது.

ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்றார் அக்கா. சொல்லும்போதே அவருக்கே நம்பிக்கை இல்லை. வகுப்பில் ஏழு பேர் வேறு பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். காரணத்தைச் சொன்னால் அந்த ஏழு பேரையும் நானே கூப்பிட்டு, பின்பக்கம் பாருங்கள் என்று காட்டியது போல ஆகும். எனவே பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். நல்ல முடிவாகத்தான் அப்போது தெரிந்தது.

ஆறு மணிக்கு வகுப்பில், புதன்கிழமைத் தாளில் சில பிழைகள் இருக்கின்றன, எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

யாரும் கொடுக்கவில்லை. பேப்பர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் முன்வரிசையில் இருந்தார். வகுப்பிலேயே மூத்தவர்.

"எந்த நம்பர் மிஸ் தப்பு? சொன்னீகன்னா இங்கனயே திருத்திக்கிடுதோம்."

அதற்குள் ஜோடி ஜோடியாகத் தாளை விரித்துப் பிழை தேட ஆரம்பித்துவிட்டார்கள். பிழையை நான் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள் என்று ஒரு வருடமாகப் பழக்கி வைத்திருந்தது நான்தான். ஐந்தாவது வாக்கியத்தில் உண்மையிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். அது எனக்கே தெரியாது. திருத்திவிட்டு, இனி தாள் சரியாகிவிட்டதே, எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

அதற்கு மேல் பொய்யை நீட்ட முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். தாளின் பின்பக்கம் வெளியே வந்திருக்கக் கூடாதது. பார்க்காமல் அச்சடித்தது என் தவறு. எல்லாத் தாளும் நாளை மதியத்துக்குள் திரும்பாவிட்டால் ஒருவருக்கு வேலை போகும். தயவுசெய்து பின்பக்கத்தைப் பார்க்காதீர்கள்.

முதலில் பாய்தான் பேசினார்.

"மிஸ், சிவகாசியில ஒருத்தர் கையில தாளக் குடுத்தா மொதல்ல பின்பக்கத்தத்தான் பாப்பாக. நாங்க புதன்கிழமயே பாத்தாச்சு. நீங்க விருதுநகரு, அதான் பாக்கல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டு நாளாக இருபத்தைந்து பேருக்கு அது தெரிந்திருக்கிறது. ஒருவர்கூட வெளியே சொல்லவில்லை. ஜெயராணி கொண்டுவந்த தாள், தெரியாமல் வந்திருந்தால் பேசுவது அவருக்குத்தான் கெடுதல் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவு செய்து சும்மா இருந்திருக்கிறார்கள். அக்கா மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தாளைக் கொடுக்க எல்லோரும் சம்மதித்தார்கள். ஆனால் பாய் ஒரு நிபந்தனை வைத்தார். சிவப்பு மையில் திருத்திய தாள், அதை நோட்டில் எழுதிக்கொண்டுதான் தருவோம் என்றார். பத்தொன்பது பேரிடம் தாள் கையிலேயே இருந்தது. ஏழரை மணி வரை எழுதினார்கள். சரக்கு அனுப்பத் தாமதமானால் வாடிக்கையாளரிடம் எப்படி விளக்குவது என்பதுதான் பாடம், பன்னிரண்டு வாக்கியங்கள். புதனன்று காலி இடத்தில் வினைச்சொல்லை மட்டும் போட்டவர்கள், அன்று முழு வாக்கியத்தையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள். நான் நடுவில் நடந்துபோய்ப் பார்த்தேன். இரண்டு நாளுக்கு முன் நான் திருத்திக் கொடுத்த அதே பிழைகள் சிலருடைய நோட்டில் மறுபடி முளைத்திருந்தன. நான் செலவழித்த சிவப்பு மைக்கு என்ன பயன் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தத் தாளையும் முழு வாக்கியமாக எழுதாமல் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. இந்த முறையைக் கண்டுபிடித்தவள் நான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

மீதி ஆறு பேர் மறுநாள் காலை வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். இருபத்தைந்து ஆயிற்று.

வெள்ளிக்கிழமை வராதவர் ஒருவர்தான். பாலமுருகன். இருபத்துநான்கு வயது. இன்னொரு பட்டாசுக் கம்பெனியின் சேல்ஸ் ஆபீஸில் இருந்தார். அந்த வருட விலைப் பட்டியலைத் தயாரிப்பது, மற்றக் கம்பெனிகள் என்ன புதிதாகக் கொண்டுவருகின்றன என்று விசாரித்துச் சொல்வது, இரண்டும் அவர் வேலை. ஸ்டாக் பார்க்க மூன்று நாளாக வெம்பக்கோட்டைப் பக்கம் கம்பெனியின் யூனிட்டில் இருந்தார். பட்டாசு யூனிட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளி மாலையும் சனி காலையும் அழைத்தேன். எடுக்கவில்லை.

வகுப்பில் அவர்தான் ஜெயராணி அக்காவின் ஜோடி. மூன்று மாதமாக அவர் நேர்முகத் தேர்வு அதிகாரியாக உட்கார்ந்து கேள்வி கேட்பார், அக்கா பதில் சொல்வார். அதிகாரி ரொம்பக் கடுமை என்று அக்கா குறைபட்டுக்கொள்வார்.

அக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துவந்தார். பின்னால் உட்கார்ந்தேன். திரும்பிய முப்பத்தொன்பது தாள்களும் என் மடியில் பையில் இருந்தன. பாதி வழியில் அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தத் தம்பி காட்டிக் குடுக்குற ஆளு இல்ல மிஸ். ஆனா அவுக வேலையே அதுதான?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விட முடியாது என்றார். நாங்கள் வெளியே நின்றாலும் போனை அவர் மேசையில் வைத்துவிட வேண்டும் என்றார். வைத்தோம். ஒரு துண்டுத் தாளில், புதன்கிழமைப் பயிற்சித்தாளை வாங்க வந்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். வேறு யார் படித்தாலும் வகுப்பு விஷயமாகத்தான் தெரியும். மணி பதினொன்று பத்து. வேப்பமரத்தடியில் நின்றோம். அக்கா அடிக்கடி மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் போட்டுவர மறந்திருந்தார்.

இருபது நிமிடம் கழித்துப் பாலமுருகன் வந்தார். ஒரு தாளுக்காகவா இவ்வளவு தூரம் என்று சிரித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கு வெளியே நின்ற தன் பைக்கின் பெட்டியைத் திறந்து நீள நோட்டை எடுத்தார். நான் எல்லோரையும் பக்க எண் போடச் சொல்வேன், அவரும் போட்டிருந்தார். முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

பயிற்சித்தாள் அங்கே ஒட்டப்பட்டிருந்தது. நான்கு மூலையில் மட்டும் அல்ல, முழுத் தாளும். கிளியும் படகும் பெயரும் அடியில் போய், பன்னிரண்டு வாக்கியங்கள் மட்டும் மேலே தெரிந்தன.

"வகுப்புலயே பாத்துட்டேன் மிஸ். என் ரூம்ல எங்க ஆபீஸ் ஆளுக ரெண்டு பேரு கூட இருக்காக. நோட்ட எடுத்துப் பொரட்டுவாக. அதான் பசைய அப்பி ஒட்டிட்டேன்."

அக்கா குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "கிழிச்சுப் போட்டுருக்கலாம்லலே?"

"பன்னெண்டுக்குப் பன்னெண்டுக்கா. மொத தடவ. அதப் போயி கிழிப்பாகளா?"

ஒட்டியதைப் பிரிக்க முடியவில்லை. அவரே நோட்டை முட்டியில் வைத்து, முப்பத்தோராம் பக்கத்தை அடியோடு கிழித்துக் கொடுத்தார். மறுபக்கத்தில், அதாவது முப்பத்திரண்டில், அக்காவிடம் கேட்பதற்காக அவர் எழுதி வைத்த நேர்முகக் கேள்விகள் இருந்தன. கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"எங்க ஆபீஸுக்கு மட்டும் தெரிய வேண்டாம்க்கா. பாத்துட்டு ஏன் சொல்லலன்னு கேப்பாக. எனக்குப் பதில் கெடையாது."

பன்னிரண்டரைக்குப் பிரஸ்ஸுக்கு வந்தோம். தாள்கள் நாற்பதும் கையில் இருந்தன. ஆனால் இருபத்தாறு தாளின் முதுகில் ஆங்கிலப் பயிற்சியும் சிவப்பு மையும். அவற்றைச் சத்தமில்லாமல் தாள்கட்டுக்குள் செருகிவிட முடியாது. அக்காவும் அப்படி நினைக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா அவர், எதிரே நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லவில்லை.

அக்கா நின்றபடி சொன்னார். முதலில் என்ன நடந்தது. அடுத்து யாருடைய தவறு. அடுத்து அதைச் சரிசெய்ய இதுவரை என்ன செய்தோம். கடைசியில், இன்னும் என்ன மீதி. தமிழில்தான் சொன்னார். ஆனால் அது எங்கள் பன்னிரண்டு வாக்கியங்களின் வரிசை. அவருக்கு அது தெரிந்ததா என்று நான் கேட்டதில்லை. கோடிட்ட இடத்தை நிரப்புவதற்காக நான் எழுதிய பாடம், ஒருவர் நடுங்காமல் நிற்பதற்குப் பயன்பட்டதை அன்று கண்ணால் பார்த்தேன்.

மேனேஜர் நாற்பதையும் எண்ணினார். என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பிரிண்டிங் படிச்சவுகதான? ரெண்டு பக்கமும் பாக்கணும்னு அங்கன சொல்லிக் குடுக்கலையா?"

சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன்.

ஒரு மணிக்குக் கம்பெனி ஆள் வந்தார். மேனேஜர் எதையும் மறைக்கவில்லை, நாற்பதையும் அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொல்லிவிட்டார். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒட்டிய பக்கத்தில் நின்றார். ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். வரவில்லை. இதை ஒட்டியது யார், எந்தக் கம்பெனி ஆள் என்று கேட்டார்.

"அதச் சொல்ல மாட்டேன் சார். என் தப்பப் பத்திக் கேளுங்க, எம்புட்டு வேணாலும் சொல்லுதேன்."

மேனேஜர் அந்தப் பக்கத்தை வாங்கி, பின்னால் இருந்த நேர்முகக் கேள்விகளை நிதானமாகப் படித்தார். கம்பெனி ஆள் அக்காவைப் பார்த்தார். இன்னொரு முறை ஓரத்தைத் தடவினார்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்காக," என்றார். பிறகு கேட்கவில்லை.

நாற்பதையும் மிஷினில் போட்டார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் அதில் போயிற்று.

அக்காவுக்கு வேலை போகவில்லை. இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த வருட நேர்முகத் தேர்வுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் அவர் வகுப்புக்கு முன்னதாகவே வந்தார். பாலமுருகன் முப்பத்திரண்டாம் பக்கத்துக் கேள்விகளை நினைவிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டுவந்து, கொஞ்சமும் இரக்கம் காட்டாமல் கேட்டார்.

இந்த வகுப்பில் நான் கொடுத்ததைவிட வாங்கிக்கொண்டது அதிகம். இருபத்தைந்து பேர் ஒருவரை ஒருவர் கேட்காமலே காத்த மௌனமும், ஒரு பாட்டில் பசையும் அதில் அடக்கம்.

இன்றைய நிலை இது. அடுத்த வருடம் மறுபடி தேர்வு வைத்தார்கள். அக்கா அதில் தேறி, ஏற்றுமதி வாடிக்கையாளர்களோடு பேசும் வேலையை இப்போது மூன்றாவது வருடமாகப் பார்க்கிறார். பாலமுருகன் அதே கம்பெனியில் விலைப் பட்டியல் தயாரிக்கிறார். அவர் ஆபீஸில் யாருக்கும் எதுவும் தெரியாது. நம் பயிற்சித்தாள்கள் சிக்கந்தர் பாய் கடையிலிருந்து வருகின்றன, இரண்டு பக்கமும் வெள்ளை. இருந்தாலும் அச்சடிக்கும் முன் திருப்பிப் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள். இடைநிலை வகுப்பில் தற்போது இருபத்தொன்பது பேர் இருக்கிறார்கள். பாலமுருகனின் நோட்டில் முப்பதுக்கு அடுத்த பக்கம் முப்பத்துமூன்று.